பார்த்தேன் என்று எழுதிய சிஸ்டர்

தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த சிஸ்டருக்கு 'பூதக்கண்ணாடி' என்று பேர். கழுத்து ரத்தக்குழாயில் டியூப் போடும்போது, முதலில் நீளமான மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டு, அதன் வழியாக டியூப்பை ஏற்றியதும் கம்பியை உருவிவிட வேண்டும். உருவிய கம்பியைத் துணியில் நீட்டிவைத்து நுனி முதல் நுனி வரை பார்த்த பிறகுதான், படிவத்தில் 'கம்பி வெளியே வந்தது' என்ற இடத்தில் டிக் போடுவார். டாக்டர்கள் பல்லைக் கடித்தாலும் அசைந்துகொடுக்க மாட்டார். கடைசியில் அந்த நல்ல பேரே வினையாக வந்து வாய்த்தது.

பஸ் டிரைவர் ஒருவருக்கு டியூப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மூச்சு நின்றுவிட்டது. சிஸ்டர் அங்கே ஓடினார். திரும்பி வருவதற்குள் விரித்திருந்த துணியெல்லாம் குப்பைக்குப் போயிருந்தது. "எல்லாம் முடிஞ்சுது சிஸ்டர்" என்றார் டியூப் போட்ட சின்ன டாக்டர். நெஞ்சை அமுக்கி அமுக்கி சிஸ்டருக்குக் கை விட்டுப்போயிருந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாகப் பார்க்காமல் டிக் போட்டார். வெளியே தவித்துக்கொண்டிருந்த டிரைவரின் மனைவியிடம், "நானே பாத்தேம்மா, பயப்படாதீங்க" என்று வேறு சொல்லித் தொலைத்தார்.

ஐந்தாம் நாள் எக்ஸ்ரேயில் கழுத்திலிருந்து வயிறு வரை ஒரு வெள்ளைக் கோடு. இரண்டாம் நாள் படத்திலும் இருந்ததாம்.

"உடம்பு மேல கிடந்த மானிட்டர் வயரா இருக்கும்" என்றார் பெரிய டாக்டர். "பூதக்கண்ணாடியே டிக் போட்டிருக்காங்க. அப்புறம் என்ன?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் சிஸ்டருக்கு வேலை தப்பும். ஆள் தப்ப மாட்டார்.

"நான் பாக்கல டாக்டர். பாக்காமலே டிக் போட்டேன்."

தொடை ரத்தக்குழாய் வழியாகச் சுருக்கு ஒன்றை உள்ளே விட்டுக் கம்பியைப் பிடித்து இழுத்தார்கள். கம்பி முழுசாக வந்தது. ஐந்து நாளில் அதைச் சுற்றி உறைந்திருந்த ரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் டிரைவர் போய்ச் சேர்ந்தார்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் சிஸ்டரே போனார். யாரும் அனுப்பவில்லை. "அன்னைக்கு நான் பாக்கவே இல்லம்மா. பாத்தேன்னு பொய் சொன்னேன்" என்றார். அடி விழும் என்றுதான் நின்றார், விழுந்தால் தேவலை என்றும் இருந்தது.

அந்த அம்மா கை ஓங்கவில்லை.

"அஞ்சு நாளா நெஞ்சுக்குள்ள என்னமோ குத்துதுன்னு புலம்பிக்கிட்டே இருந்தாரு. சிஸ்டரே பாத்துட்டாங்க, சும்மா இருங்கன்னு நான்தான் அவர் வாய அடைச்சேன்."