நாலாம் மிஷினின் நெற்றி

பெயர் சன்னாசி. அவர் எதையெல்லாம் துறந்தார் என்று தெரியாது, கோபத்தை மட்டும் துறக்கவில்லை.

மலேசியாவில், சுங்கை காடுட் ஃபேக்டரி ஒன்றில் நாலாம் மிஷின் அவருடையது. சாப்பாட்டு டப்பா மூடிக்குள் ஒரு வெள்ளை வளையம் இருக்குமே, குழம்பு ஒழுகாமல் பிடித்துக்கொள்வது, அதை அடிக்கிற மிஷின். சூடான இரும்பு அச்சில் ரப்பரை வைத்து, கையை எடுத்துவிட்டு, பொத்தானை அமுக்கினால் மேல்பலகை இறங்கி அழுத்தும். இதில் கையை எடுப்பதுதான் முக்கியம். அவருக்கு முன்னால் அங்கே நின்றவர் ஒருநாள் எடுக்க மறந்தார். இரண்டு விரல் போய்விட்டது.

அதனால் சன்னாசி தினமும் காலையில் பெடாஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும், சட்டைப்பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்து மிஷினின் நெற்றியில் அப்புவார். வைப்பார் என்று சொல்ல முடியாது, அப்புவார்தான். விரல் தின்கிற சாமிக்குச் சிக்கனமாக வைத்தால் ஆகுமா?

இப்படி இருக்கும்போதுதான் ஷாமினி வந்தாள். புது எஞ்சினியர், கழுத்தில் ஸ்டாப்வாட்ச். வந்த வாரமே தரையெல்லாம் மஞ்சள் டேப் ஒட்டி, எது எங்கே இருக்க வேண்டும் என்று கோடு போட்டாள். சன்னாசியின் ஸ்டூலைச் சுற்றியும் ஒரு கட்டம்.

"ஸ்டூலு எங்கம்மா ஓடிடப் போவுது?"

"சிஸ்டம் அங்கிள். அத விடுங்க, உங்க மிஷின்தான் ரொம்ப ஸ்லோ. இப்படியே போனா பாஸ் இத மூடிருவாரு. உங்கள ஸ்டோருக்கு அனுப்பிருவாங்க."

ஸ்டோர் என்றால் மூட்டை தூக்க வேண்டும். சன்னாசியின் முழங்கால் படிக்கட்டைப் பார்த்தாலே முனகும். அன்று முழுக்க முறைத்துக்கொண்டே யோசித்தார். சாயங்காலம் அவரே போய்ச் சொன்னார்:

"வளையம் சூடு ஆறத்தாம்மா நேரம் போவுது. மிஷின் மேல ஒரு காத்தாடிய மாட்டி வுடு."

மாட்டினார்கள். வளையம் சட்டென்று ஆறியது, வேலை ஓடியது. சிறந்த யோசனை என்று அவர் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

"அண்ணே, காணாமப் போனவங்க போட்டோ மாதிரியே இருக்குலா," என்றான் பேக்கிங் மேசை அலெக்சாண்டர்.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் நிலைக்கவில்லை. அனுப்பிய பெட்டிகள் திரும்பி வந்தன. வெள்ளை வளையத்தில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். இன்னொரு தடவை இப்படி வந்தால் ஆர்டரே இல்லை என்று வாங்குகிறவர் சொல்லிவிட்டார். ஆர்டர் இல்லையென்றால் நாலாம் மிஷினும் இல்லை.

ஷாமினி ரப்பரை மாற்றினாள், ரப்பர் வெட்டுகிற கத்தியை மாற்றினாள், எல்லார் தலையிலும் வலைத்தொப்பி மாட்டினாள். புள்ளி போகவில்லை. சன்னாசிக்கு மட்டும் குற்றவாளி யாரென்று தெரிந்திருந்தது.

"டேய் அலெக்சு! நாசி லெமாக் சோறு தின்ன கையால தொட்டியா? இது ஒஞ் செவப்பு மொளகா சம்பால்தான்டா!"

"அண்ணே, நான் கைய கழுவிட்டுத்தான்..."

"என்னத்த கழுவுன? எம் பொழப்பக் கெடுக்கவே வந்திருக்க!"

எல்லார் முன்னாலும் கத்தினார். அலெக்சாண்டர் நாசி லெமாக்கையே நிறுத்தினான். அதற்குப் பிறகு வெறும் பிஸ்கட்டைத் தின்றான். புள்ளி வந்துகொண்டேதான் இருந்தது.

நடுவில் சன்னாசிக்குப் பல்வலி. டாக்டரிடம் எம்.சி. லீவு எடுத்து ஒருநாள் வீட்டில் கிடந்தார். மறுநாள் காலை வாசலிலேயே ஷாமினி பிடித்துக்கொண்டாள்.

"கோச்சிக்காதீங்க அங்கிள். நேத்து வேற ஆளு அடிச்சதுல ஒரு புள்ளிகூட இல்ல."

"அப்ப நான் வூட்லயே கெடந்தா குவாலிட்டி ஏறுதா? அதையும் போர்டுல ஒட்டு, போ!"

கொதித்துப்போய் உள்ளே வந்தார். அந்தக் கோபத்தில் வழக்கத்தைவிட இரண்டு பங்கு குங்குமத்தை அப்பிவிட்டுக் காத்தாடிச் சுவிட்சைத் தட்டினார்.

கூரைத் தகரத்தின் இடுக்கு வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் மெல்லிய சிவப்புப் பொடி பறந்தது. பறந்துபோய், அச்சில் இருந்த வெள்ளை ரப்பரில் சாவகாசமாக உட்கார்ந்தது.

சன்னாசி தன் விரலைப் பார்த்தார். சிவப்பு. பேக்கிங் மேசையைப் பார்த்தார். அலெக்சாண்டர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

வாசலில் முந்தின நாட்களில் மேலோட்டமாகப் பார்த்துக் கட்டிய பெட்டிகள் லாரிக்குக் காத்திருந்தன. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் பெட்டி போகும், திரும்பி வரும், மிஷின் மூடும். பொறுக்கிப் பார்க்கத் தனியாக ஓர் ஆளால் முடியாது.

"ஷாமினி! லாரிய நிறுத்தச் சொல்லும்மா."

அவள் ஓடிவந்தாள். அவர் விரலை நீட்டினார். அவள் விரலையும் மிஷினையும் காத்தாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். வந்த சிரிப்பை விழுங்கியது கண்ணில் தெரிந்தது.

"காத்தாடிய எடுத்துரலாமா அங்கிள்?"

"எடுத்தா மறுபடியும் ஸ்லோன்னு மூடுவீங்க. ரெண்டுல ஒன்னுதான் இருக்கணும்."

ஈரத்துணியால் குங்குமத்தை அவரே துடைத்தார். நெற்றியைத் துடைப்பது நல்ல வேலை இல்லை.

அன்று எல்லாருமாக உட்கார்ந்து பெட்டிகளைப் பிரித்துப் புள்ளி பார்த்தார்கள். அலெக்சாண்டர் எதிரிலேயே உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்கிற வார்த்தை சன்னாசியின் வாயில் வரவில்லை. மறுநாள் காலை ஒரு நாசி லெமாக் பொட்டலத்தை அவன் மேசையில் பொத்தென்று போட்டார். "சம்பால் எக்ஸ்ட்ரா. கைய கழுவிட்டுத் தின்னு."

சரக்கு தேறியது. ஆனால் பொட்டு இல்லாத மிஷினில் அவருக்குக் கை வரவில்லை. பொத்தானை அமுக்குமுன் விரல்கள் வெளியே இருக்கின்றனவா என்று இரண்டு தடவை பார்த்தார். ஸ்டாப்வாட்ச் மறுபடியும் முகம் சுளித்தது.

"ஏன் அங்கிள் இவ்ளோ டைம் எடுக்குது?"

பயமாக இருக்கிறது என்று மகள் வயசுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "மிஷினுக்கு வயசாச்சு," என்று எரிந்து விழுந்தார்.

அலெக்சாண்டர் கைகழுவிவிட்டு வந்து பக்கத்தில் நின்றான். மிஷினின் முன்பக்கம், பார்வைக்கு நேராக, பெரிய சிவப்பு எமர்ஜென்சி பொத்தான் இருந்தது.

"அண்ணே, ஒங்க மிஷினுக்குக் கம்பெனிக்காரனே பொட்டு வெச்சுத்தான் அனுப்பியிருக்கான். இதுல பொடிகூட பறக்காதுலா."

"போடா," என்றார் சன்னாசி. அவன் போனதும் மிஷினை ஓடவிட்டு அதை அமுக்கினார். இறங்கிக்கொண்டிருந்த பலகை பாதியில் செத்ததுபோல் நின்றது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும், அது நிறுத்துமா என்று அவர் சோதித்ததே இல்லை.

அதிலிருந்து தினமும் காலையில் முதலில் அதை அமுக்கி, மிஷின் அடங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறார். வேகம் திரும்பிவிட்டது. திரும்பிய வாரமே பாஸ் டார்கெட்டை ஏற்றினார். சன்னாசி அவரைத் திட்டாத நாளில்லை. ஷாமினியோ, பாதுகாப்புச் சோதனை என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று எல்லா மிஷினுக்கும் சொல்லிவிட்டாள்.

அவர் அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் பேக்கிங் மேசையிலிருந்து ஒரு குரல் வரும்:

"ஆமென்!"