வடக்கே திரும்பியிருந்த தொலைநோக்கி

போன ஞாயிற்றுக்கிழமை மயிலிட்டித் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனேன். விளைமீன் பார்த்துக்கொண்டு நிற்க, பின்னால் ஒருவர் கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றுக்குப் பைபர் பசை பூசிக்கொண்டிருந்தார். அந்த மணம் உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. நகப்பூச்சையும் மண்ணெண்ணெயையும் ஒன்றாய்க் கலந்ததுபோல இருக்கும். மூக்கில் ஏறினால் கொஞ்ச நேரத்துக்கு மீன்கூட மணக்காது. மீன் விற்ற பெண், "விடியப் பிடிச்சது அக்கா, பயப்பிடாமல் வாங்குங்கோ" என்றாள். நான் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. அப்படியும் மனம் ஆறாமல் பக்கத்து மீனின் செவுளையும் தூக்கினேன்.

என் சுபாவம் அது. என்னுடையது மட்டும் என்றும் சொல்லமுடியாது. எங்கள் ஊர்ப்பக்கம் ஒழுங்கைக்குள் புதிதாக ஒரு நாய் வந்தாலே அது யாருடைய நாய், ஏன் வந்தது, போன கிழமை எங்கே நின்றது என்று நாலு வீட்டில் விசாரித்துவிடுவோம். தெரியாத ஆள் வழி கேட்டால், வழியைச் சொல்லுமுன் "நீங்கள் ஆர்?" என்று கேட்போம். நாங்கள் அப்படி ஆனதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றை நான் சொல்லி நீங்கள் கேட்கவேண்டியதில்லை. ஆனால் எனக்கு அந்தக் குணம் முற்றியது வேலைக்குப் போன பிறகுதான்.

பட்டம் முடித்து மூன்று வருடம் வீட்டில் இருந்தபின், அரச அலுவலகம் ஒன்றில் பட்டதாரிப் பயிலுனர் என்று ஒரு நியமனம் வந்தது. கந்தோரில் எனக்குக் கதிரை இருந்தது, மேசை இல்லை. இன்னொரு பயிலுனரின் மேசையில் பாதி கிடைத்தது. அந்தப் பாதி மேசையில் வைத்து முறைப்பாட்டுக் கடிதங்களைத் திறந்து இலக்கம் போடுவது என் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றை இரகசியமாக ஆழமாக்குகிறார், எதிர்வீட்டு மாமரம் வேண்டுமென்றே எங்கள் பக்கம் சாய்கிறது. பாதிக்கு மேல் கையெழுத்தில்லாத கடிதங்கள். ஆறு மாதம் அவற்றை வாசித்தால் உங்களுக்குத் தெரிந்த மனிதர் ஒருவர்கூட நல்லவராக மிஞ்சமாட்டார். எனக்கு மிஞ்சவில்லை.

அந்தக் காலத்தில்தான் மயிலிட்டிப் பக்கத்து ஊர்ச் சங்கத் தலைவர் ஒருநாள் காலையில் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, மலைக்கு மேலை வெள்ளையாய், உருண்டையாய் ஒண்டு எழும்புது."

"என்ன ஐயா எழும்புது?"

"உது என்னெண்டு எங்களுக்குத் தெரியும். நீங்கள் வந்து பாத்து எழுதுங்கோ. புத்த விகாரை முழுசாய் எழும்பின பிறகு வந்து பிரியோசனமில்லை."

மலை என்றதும் நீங்கள் சிரிக்கக்கூடாது. குடாநாட்டில் கீரிமலை என்று பெயரில்தான் மலை இருக்கிறதே தவிர, ஏறி மூச்சு வாங்க ஒரு மேடு கிடையாது. இவர்கள் மலை என்றது, முன்னொரு காலத்தில் சுண்ணாம்புக்கல் கிண்டியபோது கொட்டிவைத்த கழிவு மண். நல்ல வளர்ந்த தென்னை உயரம் வரும். சனங்கள் இடம்பெயர்ந்து, அந்தப் பக்கமே இருபது வருடத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்ததில் அந்தக் குவியலில் காடு ஏறிவிட்டது. பிறகு இராணுவம் பிடித்துவைத்திருந்த காணிகளைத் துண்டுதுண்டாக விட்டார்கள். மலையையும் விட்டார்கள். மலைக்கு வடக்கே கம்பிவேலி இருந்தது. வேலிக்கு அப்பால் இன்னும் விடவில்லை.

சண்டிலிப்பாயிலிருந்து ஸ்கூட்டியில் போய், அடிவாரத்தில் (அந்தச் சொல்லை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது) நிறுத்தினேன். மாசி மாத வெயில் தலையைப் பிளந்தது. ஆனால் பாதைக்குள் காலை வைத்ததும் கிணற்றுக்குள் இறங்கியதுபோலக் குளிர்ந்தது. வேம்பும் ஆலும் இபில்இபிலும் மேலே கைகோத்து நின்றன. கீழே பழுத்த வேப்பிலை மணம். யாரோ அந்தப் பாதையைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். எனக்கு உடனே சந்தேகம். காட்டுப் பாதையைக் கூட்டுகிறவன் யார்?

அப்படி விடுபட்ட காணிகளில் நாங்கள் நடக்கும் முறை ஒன்று உண்டு. மிதிவெடி எடுத்துவிட்டோம் என்று பலகை போட்டிருந்தாலும், ஆள் நடந்த தடத்தைவிட்டு ஓரடி விலகமாட்டோம். பூப்பறிக்கக்கூட விலகமாட்டோம். நானும் முன்னால் போன செருப்புத் தடத்தில் என் காலை வைத்து வைத்து ஏறினேன். தடம் பெரியது. எட்டி எட்டி வைக்கவேண்டியிருந்தது. செங்குத்தான இடத்தில் மரத்துக்கு மரம் நைலோன் கயிறு கட்டியிருந்தது, பிடித்து ஏறுவதற்கு. மரங்களில் இடுப்பளவு உயரத்தில் வெள்ளைப் பெயின்றால் வட்டம் போட்டிருந்தது. எல்லை குறித்திருக்கிறார்கள் என்று கொப்பியில் எழுதிக்கொண்டேன். இரண்டாம் வளைவில் மூச்சு வாங்கியது. பயத்தாலா ஏற்றத்தாலா என்று தெரியாததால், ஏற்றத்தால் என்று வைத்துக்கொண்டேன்.

உச்சிக்கு வந்தபோதுதான் பைபர் பசை மணம் அடித்தது. மரங்களுக்கு நடுவே, கல் அடுக்கிக் கட்டிய வட்டச் சுவர். அதன்மேல் பளபளவென்று வெள்ளைக் கவிமாடம். தலைவர் சொன்னதில் பிழையில்லை, தூரத்திலிருந்து பார்க்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். உள்ளேயிருந்து சாரமும் பெனியனுமாக ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையெல்லாம் பசை.

"விகாரை எண்டுதானே வந்தனீங்கள்?" என்றார். "போன கிழமை கோயில் எண்டு ஒருதர் தேங்காயோடை வந்தவர். தேங்காயை வைச்சிட்டுப் போகச் சொல்லிட்டன்."

அவர்தான் ரத்தினண்ணை. மயிலிட்டி ஆள், இருபது வயதில் இடம்பெயர்ந்து, பிறகு சரக்குக் கப்பல்களில் வேலைசெய்து, வயது ஏறத் திரும்பி வந்தவர். கப்பல் தட்டில் நின்று நட்சத்திரம் பார்த்துப் பழகியதில் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டதாம். ஏதோ ஒரு துறைமுகத்தில் பழைய தொலைநோக்கி ஒன்று வாங்கி, கப்பலுக்குக் கப்பல் பெட்டியோடு தூக்கித் திரிந்திருக்கிறார். இப்போது அதற்கு ஒரு வீடு கட்டுகிறார். கவிமாடத்தைப் படகு செய்கிற மாதிரியே, அச்சு வைத்து, பைபர் துணியும் பசையும் போட்டுத் தானே வார்த்திருந்தார். ஒரு பக்கம் கதவு மாதிரி திறக்கும். கீழே பழைய சைக்கிள் பெயரிங்குகளில் உருண்டு சுழலும். சுழற்றிக் காட்டினார். வீட்டுக்கூரை தன்பாட்டில் திரும்புவதை நான் முன்பின் கண்டதில்லை, வாயைத் திறந்துகொண்டு நின்றிருப்பேன்.

மரத்து வட்டங்களைப் பற்றிக் கேட்டேன். இருட்டில் இறங்க வழி தெரியவேண்டாமா என்றார். கயிறு? "என்ரை முழங்காலுக்கு." ஏன் பாதையைக் கூட்டுகிறார்? "பாம்பு தெரியோணும்." கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் வந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. குற்றமில்லாதவன் கொஞ்சம் தடுமாறுவான் என்பது என் முறைப்பாட்டுக் கடித அறிவு.

பிறகு தேத்தண்ணிப் பிளாஸ்க் கீழே கொட்டிலில் இருக்கிறது என்று இறங்கினார். போகும்போது முக்காலியில் கிடந்த கொப்பி ஒன்றை மூடி, சாரத்து மடிக்குள் செருகிக்கொண்டார்.

"தொலைநோக்கியிலை மட்டும் கை வைக்காதேங்கோ பிள்ளை. திசை மாறினால் பிறகு கஸ்ரம்."

பகல் பதினொரு மணிக்குத் திசை மாறக்கூடாத நட்சத்திரம் எது? அவர் தலை மறைந்ததும் தொலைநோக்கியைப் பார்த்தேன். குழாய் வானத்தை நோக்கி இருக்கவில்லை. தாழ்ந்து, வடக்கே, இரண்டு வேம்புகளுக்கு நடுவே வெட்டிவிட்ட இடைவெளியால் கம்பிவேலிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணை வைத்தேன். அந்தக் கருவியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். வானம் கீழே கிடந்தது. மேலே ஒரு வீடு தொங்கியது. நான் அந்த வீட்டைப் பார்க்கவில்லை. காவலரண் இருக்கிறதா, ஆட்கள் நடமாடுகிறார்களா என்றுதான் தேடினேன். அரை நிமிடமும் இராது, பின்னால் காலடி கேட்டது.

ரத்தினண்ணை கோபிக்கவில்லை. பிளாஸ்கை வைத்துவிட்டு, மடியிலிருந்து கொப்பியை எடுத்து என்னிடம் தந்தார். முன்பக்கத்திலிருந்து வியாழன், அதன் நிலவுகள், தேதியும் நேரமும். கொப்பியைத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து வேறொரு கணக்கு. இன்று மேற்குக் கூரையில் ஓடு மூன்று விழுந்தது. முருங்கை பூத்திருக்கிறது. கிணற்றடியில் கீரிப்பிள்ளை. ஒரு வருடமாக ஒருநாள்கூடத் தவறவில்லை.

"எங்கடை வீடு," என்றார். "இருபத்தெட்டு வரியம் கிட்டப் போகேலை. பாக்கலாம்தானே. பாக்கிறதுக்கு ஆரும் ஒண்டும் சொல்லேலாது."

"அப்ப நட்சத்திரம்?"

"அதுவும்தான். ரெண்டும் எட்டாத தூரம்." சிரித்தார். "எழுதிப்போடாதேங்கோ பிள்ளை."

எழுதமாட்டேன் என்று சொன்னேன். தேத்தண்ணி நல்ல சாயமாக இருந்தது.

கந்தோருக்கு வந்து அறிக்கை எழுதினேன். விகாரை அல்ல, வானியல் அவதானக் கூடம், தனியார் காணி, அனுமதி பெற ஆலோசனை வழங்கப்பட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குள் ஒன்று அரித்தது. நாளைக்கு வேறு யாராவது ஏறிப் பார்த்து, இந்தப் பிள்ளை கண்டும் மறைத்தது என்று சொன்னால்? என்னைப் போல அந்தக் கந்தோரில் இன்னொருத்தி இருந்தால்? கடைசியில் ஒரு வசனம் சேர்த்தேன். "தொலைநோக்கி வடக்குத் திசையில் தரைமட்டமாகப் பொருத்தப்பட்டிருந்தமை அவதானிக்கப்பட்டது." ‘அவதானிக்கப்பட்டது’ என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இல்லை, வெட்கத்தோடுதான் சொல்கிறேன். இந்த வசனத்தைப் பற்றி உங்களைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று கிழமையில் யாரோ வந்து தொலைநோக்கியைப் பரிசோதிக்கவென்று கொண்டுபோனார்கள். அது திரும்பி வரவில்லை. அனுமதியில்லாத கட்டிடமென்று கவிமாடமும் இறங்கியது. இரண்டாக வெட்டித்தான் மலையால் இறக்கினார்களாம். ஒரு பாதி யாருடையதோ வளவில் கோழிகளுக்குக் கூரையாக நின்றதை நானே கண்டேன்.

அடுத்த வருடம் கம்பிவேலி பின்னால் நகர்ந்தது. அந்தக் காணியும் விடுபட்டது. ஆனால் அங்கே வீடு இருக்கவில்லை. இடித்து, மட்டப்படுத்தி, எங்கே கிணறு எங்கே வீட்டுக்கோடி என்று தெரியாதபடி வெறும் தரை. எப்போது இடித்தார்கள் என்று அயலில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு மனிதருக்கு மட்டும் நாளும் நேரமும் தெரிந்திருக்கும், பார்க்க விட்டிருந்தால்.

வீட்டுத்திட்டத்தில் அதே காணியில் ரத்தினண்ணை சின்னதாக ஒரு வீடு கட்டினார். குடிபூரலுக்கு எனக்கும் சொல்லியிருந்தார். போகும் வழியில் மலையைத் தேடினேன். வீதி போடுவதற்கென்று மண்ணை ரிப்பர் லொறி லொறியாக அள்ளிப்போய்விட்டார்கள். பாதை, வேம்பு, கயிறு, வட்டம் ஒன்றுமில்லை. வீதியில் நின்றே கடல் தெரிந்தது.

வாசல் படலையில் நின்று கூட்டிப்போனார். நடக்கும்போது மெல்லக் கேட்டார். "உங்கடை கந்தோரிலை இருக்கிறபடியால் கேக்கிறன் பிள்ளை. ஆர் எழுதிக் குடுத்ததெண்டு ஏதும் தெரிஞ்சுதோ?"

"தெரியாது அண்ணை."

"சரி விடுங்கோ," என்றார். ஒரு சொட்டுச் சந்தேகம் அந்த முகத்தில் இருக்கவில்லை. சந்தேகத்தைத் தேடிப் பழகிய கண் என்னுடையது, இருந்திருந்தால் கண்டிருப்பேன்.

உள்ளே பாய் விரித்து உறவுக்காரர் இருந்தார்கள். நடுவே அவருடைய மூத்த அக்கா, கொழும்பிலிருந்து வந்தவ. இடம்பெயர்ந்த நாளிலிருந்து அந்த மண்ணை மிதிக்காதவ. ரத்தினண்ணை என்னைக் காட்டி, "எங்கடை வீட்டைக் கடைசியாய்ப் பாத்தது நானும் இந்தப் பிள்ளையும்தான்" என்றார். எல்லாரும் எனக்கு இடம்விட்டு ஒதுங்கினார்கள். அக்கா என் கையைப் பிடித்தா.

"முன்விறாந்தைத் தூண் ரெண்டும் நிண்டதோ பிள்ளை? அப்பு நிண்டு கட்டுவிச்சவர்."

நான் தூணைப் பார்க்கவில்லை. காவலரணையும் துவக்கையும் தேடினேன். அதை அந்த முகத்துக்குச் சொல்ல முடியுமா?

"நிண்டது அம்மா. ரெண்டும் நிண்டது. பூவேலைகூட அப்பிடியே தெரிஞ்சுது."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதா, சிரித்தா. பக்கத்தில் இருந்தவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னா. நான் நிமிர்ந்து ரத்தினண்ணையைப் பார்த்தேன். ஒரு வருடம் விழுந்த ஓடுகளை எண்ணி, பூவை எண்ணி எழுதிய மனிதர். அந்தத் தூண் நின்றதா விழுந்ததா என்று அவருக்குத் தெரியாதா? பலகாரத் தட்டோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தார். கண்ணிமைக்காமல், கொஞ்சமும் சிரமப்படாமல் பொய் சொல்லக்கூடிய ஒரு பெண்ணை அவர் அப்போதுதான் முதல்முறையாகக் கண்டார். அந்தப் பார்வை என் முகத்திலிருந்து நழுவி, சற்றுமுன் என்னைக் கேட்ட படலைப் பக்கம் போய், திரும்பி வந்தது.

"ஓம் அக்கா," என்றார். "பிள்ளை சொல்லுறது சரி."

தட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போனவர், நான் வெளிக்கிடும்வரை அந்தப் பக்கம் வரவில்லை. இப்போதும் வீதியில் கண்டால் தலையை ஆட்டுவார், கதைப்பதில்லை. அவர் என்னைப் பற்றி என்ன சந்தேகப்படுகிறாரோ, அது சரி.