விழுங்கிய இங்கிலீஷும் ஒரு ஸ்டெனோ டெஸ்ட்டும்

போன வாரம் ஏறிய கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. பி.பி. பார்த்த டாக்டர், "யார்கிட்டயாவது சண்டை போட்டீங்களா?" என்று கேட்டார். போட்டிருக்க வேண்டும் டாக்டர்... சரியாகப் போடாமல் வந்துவிட்டேன். அதுதான் இப்போது ஏறி நிற்கிறது.

சொல்கிறேன், கேளுங்கள்.

துடியலூரில் எங்கள் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருப்பவள் கோமதி. தமிழ் மீடியத்தில் படித்து, பி.காம். முடித்து, டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்தவள். அவள் அப்பா வேலை பார்த்த மில்லுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அது மறுபடி திறக்கும் என்று அவரைத் தவிர யாரும் நம்பவில்லை. அந்த வீட்டுக்குச் சம்பளம் என்று ஒன்று வர வேண்டுமானால் கோமதிதான் கொண்டுவர வேண்டும்.

அதனால் சாயங்காலமானால் பென்சிலோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் இங்கிலீஷ் பேப்பரின் தலையங்கத்தை உரக்க வாசிக்க வேண்டும், அவள் எழுதுவாள். "இன்னும் வெரசா வாசிங்க்கா" என்று விரட்டுவாள். எனக்கு மூச்சு வாங்கும். அவள் பென்சில் அசராது.

ஒரு நாள் கேட்டேன். "ஏங்கண்ணு, இதெல்லாம் அர்த்தம் புரிஞ்சா எழுதறே?"

"அர்த்தமெல்லாம் அப்பறமுங்க்கா. மொதல்ல சத்தந்தானுங்க."

சத்தம்! ஷார்ட்ஹேண்டில் ஸ்பெல்லிங் கிடையாது, காதில் விழுவதுதான் எழுத்து. சொல் 'ஷன்' என்று முடிந்தால் ஒரு சின்னக் கொக்கி. 'இங்' என்று முடிந்தால் ஒரு புள்ளி. வேகம் கூடினால் பாதி உயிரெழுத்து காணாமல் போய்விடும். ஆனாலும் கை தடுமாறுவதில்லை. ஏன்? ஒரு சொல்லுக்குத் தலை எது, வால் எது என்று காதுக்குப் பழகிவிட்டது. 'மேனுஃபேக்' என்று நான் ஆரம்பிக்கும்போதே அவள் கை 'சரிங்'குக்குத் தயாராகிவிடும். தமிழில் நமக்கும் இதுதானே நடக்கிறது? ஒருவர் 'வந்துகிட்டு' என்று இழுத்தால் 'இருக்கேன்' நம் காதில் தானாக வந்து உட்காரவில்லையா?

ஆக, அவள் இங்கிலீஷ் கற்றது காதால். அதுவும் நம்மூர் வாயிலிருந்து வந்த இங்கிலீஷை... ஒவ்வோர் அசையையும் நிறுத்தி, கடைசி எழுத்துவரை உச்சரிக்கும் இங்கிலீஷை. இதில் கேவலம் ஒன்றும் இல்லை. இந்த ஊரில் அத்தனை ஆபீஸ் கடிதமும் இந்த இங்கிலீஷில்தான் டிக்டேட் ஆகிறது.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டெனோ வேலைக்கு டெஸ்ட். கோமதியின் அம்மா வந்து நின்றார்.

"ஏனுங்க்கா, நீங்களும் கூடப் போனீங்கன்னா புள்ளைக்குத் தெம்பா இருக்குமுங்க."

போனேன். ஹாலில் நிறையப் பெண்கள். எல்லாரும் கோமதி மாதிரிதான், தலை படிய வாரி, ரெண்டு பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு. என்னைப்போல் துணைக்கு வந்தவர்களுக்கு வெளியே பெஞ்ச். கதவு திறந்தே இருந்தது. உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

ஆள் எடுக்கிற பர்சனல் ஆபீசர் வந்தார். உடுமலைப்பேட்டைக்காரர். ஏதோ ஃபாரின் கொலாபரேஷன் விஷயமாகக் கம்பெனி செலவில் வெளிநாடு போய் ஆறு மாசம் இருந்துவிட்டு வந்தவர் என்று பக்கத்து பெஞ்சுக்காரர் சொன்னார். டிக்டேஷன் ஆரம்பித்தது...

அய்யோ, அந்த இங்கிலீஷ்! ஒவ்வொரு சொல்லிலும் ஓர் இடத்தில் மட்டும் ஏறி உட்கார்ந்தார், மற்றதையெல்லாம் விழுங்கினார். தலை கேட்டால் வால் இல்லை, வால் கேட்டால் தலை இல்லை. சொல்லும் சொல்லும் சேருகிற இடத்தில் சந்தே இல்லாமல் ஒட்டிக்கொண்டு ஓடியது. தினமும் இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கிற எனக்கே பாதி பிடிபடவில்லை. வெள்ளைக்காரன் அப்படிப் பேசினால் நான் குறை சொல்ல மாட்டேன், அது அவன் பாஷை, அவன் தாளம். இவருக்கு என்ன வந்தது?

எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பென்சிலாக நின்றுகொண்டிருந்தது. கோமதி எழுந்து நின்று, "சார், கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க சார்" என்றாள்.

"இங்கிலீஷே புரியலேன்னா ஸ்டெனோ வேலைக்கு எதுக்கும்மா வர்றீங்க?"

இதை அவர் தமிழில் கேட்டார். அது மட்டும் எல்லாருக்கும் தெளிவாகப் புரிந்தது.

என்னால் உட்கார முடியவில்லை. உள்ளே போய்விட்டேன். "சார், நீங்க வாசிச்சது இந்த ஊர்க் காதுக்குப் பழக்கமில்லாத இங்கிலீஷ். அதுக்கு இந்தப் பொண்ணுங்க என்ன பண்ணும்?"

"மேடம், நாளைக்குப் பம்ப் வாங்க ஃபாரின் பையர் வருவான். அவன் இப்படித்தான் பேசுவான். அப்போ என்ன பண்ணுவாங்க?"

"பையரா சார் உங்க லெட்டரை டிக்டேட் பண்ணப் போறார்? நீங்கதானே?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மேஜைமேல் போன் அடித்தது. எடுத்தவர் சட்டென்று எழுந்து நின்றார். எம்.டி.! லேத்துப் பட்டறையில் ஆரம்பித்து இவ்வளவு பெரிய கம்பெனியைக் கட்டியவர், கோயமுத்தூர்க்காரர்.

"யெஸ் சார்... ப்ரொடக்‌ஷன் ரிப்போர்ட் ரெடிங்க சார். டிஸ்பேட்ச் டுமாரோ மார்னிங் சார். இன்ஸ்பெக்‌ஷன், பேக்கிங், எவ்ரிதிங் கம்ப்ளீட்டடுங்க சார்."

கேட்டீர்களா? அசை அசையாக, ஒரு எழுத்து சேதாரமில்லாமல், 'ங்க' வேறு போட்டு! வெளிநாடு போய்வந்த நாக்கு அரை நொடியில் உடுமலைப்பேட்டைக்குத் திரும்பிவிட்டது. மேலே இருப்பவருக்குப் புரிய வேண்டும், அங்கே இங்கிலீஷ் இருப்பது பேசுவதற்கு. கீழே இருப்பவர்களுக்குப் புரியக்கூடாது, இங்கே இங்கிலீஷ் இருப்பது விரட்டுவதற்கு. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

நான் கத்துவதற்குமுன் கோமதி பேசினாள்.

"சார்... இப்பப் பேசுனீங்கல்லங்க, அந்த இங்கிலீஷ்லயே இன்னொருக்கா சொல்லுங்க சார். நாங்க எழுதிப்போடறோமுங்க."

ஹாலில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்தது. "டெஸ்ட் ஓவர். யூ கேன் கோ" என்றார். அதையும் தெளிவாகத்தான் சொன்னார்.

நான் இன்னும் ஒரு பாட்டம் திட்டியிருப்பேன். கோமதி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "வாசல்லயே உக்காந்திருப்பாருங்க்கா. அப்பாகிட்ட என்னன்னு சொல்லறது?"

பேப்பரை அத்தனை தெளிவாக வாசித்துக் கெடுத்துவிட்டேனோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. நானும் கொஞ்சம் விழுங்கி வாசித்திருக்கலாம். சீ, என்ன நினைப்பு இது? அவர் திமிருக்கு நான் ஏன் நாக்கை வளைக்க வேண்டும்?

துடியலூர் ஸ்டாப் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திங்கக்கெழமை சரவணம்பட்டிக்கிட்ட ஒரு கம்பெனியில டெஸ்ட்டுங்க்கா. இந்தத் தடவ போனதும் மொதல்ல ஒண்ணு கேட்டுப்போடறேனுங்க."

"என்ன கேப்பே அம்மணி?"

"டிக்டேசன் குடுக்கறப்ப எம்.டி.யும் பக்கத்துல இருப்பாருங்களான்னு."