தறி நின்ற ஒரு மணி நேரம்

எங்கள் வீட்டில் சத்தம் இல்லையென்றால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். சோமனூருக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் ஒற்றை வீடு. சுவரோடு ஒட்டினாற்போல் தறிக்குடோன், உள்ளே நாலு விசைத்தறி. நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நின்ற தறிக்கு யாராவது உடனே ஓட வேண்டும். சோறு தின்றுகொண்டிருந்தாலும் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குவோம். யார் கிட்டே இருக்கிறாரோ அவர் எச்சில் கையோடு ஓடுவார். நினைவு தெரிந்த நாளிலிருந்து இதுதான் பழக்கம்.

பி.காம். முடித்ததும் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதியே தீருவேன் என்று அடம்பிடித்தேன். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம், கோபம் அதைவிட அதிகம். கடைசியில் வீட்டில் ஒரு பேச்சு முடிவானது. இரண்டு தடவை எழுதலாம். இரண்டிலும் கிடைக்கவில்லையென்றால் பீரோவில் இருக்கும் என் ஜாதகம் வெளியே வரும். முதல் தடவை ஆங்கிலத்தில் கோட்டை விட்டேன். ஆக, மிச்சம் இருந்தது ஒன்று.

சொற்களைப் படிப்பதில் எனக்குக் கஷ்டமே இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழில் பொருள் என்று எழுதி வைத்திருந்தேன். அம்மா தறிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு துண்டை எடுப்பார், பொருளை உதட்டை அசைத்துச் சொல்வார். தறிச் சத்தத்தில் குரல் எடுபடாது. எங்கள் ஊரில் எல்லாருக்கும் உதடு பார்த்துப் பேசத் தெரியும். நான் இந்தப் பக்கமிருந்து ஆங்கிலத்தில் கத்துவேன். அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஆனாலும் சில துண்டுகளைத் தனியே ஒதுக்கி வைப்பார், மறுநாள் பார்த்தால் நான் தப்பாகச் சொன்னவை எல்லாம் அதில் இருக்கும்.

“எப்படிங்கம்மா கண்டுபுடிச்சீங்க?”

“எழுத்துத் தெரியாட்டி என்ன கண்ணு, உம்பட முழி எனக்குத் தெரியாதாக்கும்?”

வம்பு வந்தது வாசிப்பில்தான். ஞாயிறுதோறும் காந்திபுரத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். மாதிரித் தேர்வு வைத்தார்கள். ஏசி அறை, குண்டூசி விழுந்தால் கேட்கும். கணினித் திரையில் திமிங்கலங்களைப் பற்றி நீளமாக ஒரு பத்தி. இரண்டு வரி படிப்பேன், தலை நிமிர்ந்துவிடும். திரும்ப முதல் வரிக்குப் போவேன், மறுபடியும் நிமிரும். அங்கே என்னதான் இருக்கிறது என்று பார்த்தால் சுவர்தான். மேற்பார்வைக்கு நின்ற அம்மாள் இரண்டு தடவை வந்து, “என்ன பாக்கறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். நான் யாரையோ பார்த்து எழுதுகிறேன் என்று நினைத்திருப்பார். முதல் தடவை அசல் பரீட்சையிலும் இதேதான் நடந்தது; பயத்தில்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் கரண்ட் போனது. நாலு தறியும் ஒன்றாய் நின்றன. மூன்று பேரும் தலையைத் தூக்கினோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட கடவுளே, நான் இருபத்திரண்டு வருஷமாகச் சத்தத்தில் படித்தவள். அமைதி வந்தால் படிக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எல்லா ஊட்லயும் புள்ளைங்க சத்தம் வந்தா படிக்க முடியலைங்கும். எனக்குச் சத்தம் நின்னா படிக்க முடியல. இந்தக் குடோனுக்குள்ள பொறந்ததுக்கு எனக்கு இதுதான் மிச்சம்!” என்று கத்தினேன். அப்பா கையிலிருந்த எண்ணெய்க் கேனை ஓரமாக வைத்துவிட்டு வெளியே போனார். சொன்ன வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது எனக்கு.

மறுநாள் காலை பத்து மணிக்கு நாலு தறியும் நின்றன. நான் ஓடினேன். அப்பா வாசலில் நின்றிருந்தார்.

“எதும் அறுந்து போகலீங் கண்ணு. நான்தான் நிறுத்திப்போட்டேன். பதினொண்ணு வரைக்கும் ஓடாது. போய்ப் படி.”

அதன் பிறகு தினமும் அப்படித்தான். அந்த ஒரு மணி நேரம் அப்பாவுக்கு என்ன செய்வதென்றே தெரியாது. இருமல் வந்தால் தென்னைமரத்தடிக்குப் போய் இருமிவிட்டு வருவார். அம்மா குக்கர்கூட வைக்க மாட்டார். இருவரும் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து சத்தமில்லாமல் உதட்டாலேயே பேசிக்கொள்வார்கள். எனக்குத்தான் உதடு படிக்கத் தெரியுமே!

‘படிக்கறாளா?’ என்பார் அப்பா.

‘எங்க, நம்மளயவேதான் பாத்துட்டிருக்கறா’ என்பார் அம்மா.

“வாயையும் மூடிக்கோங்க, சாமி!” என்று நான் கத்த, இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகள்போல் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். அந்த இரண்டு முதுகுகளையும் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முதல் வாரம் பத்தியில் பாதி தாண்டவில்லை. ஒரு மாதத்தில் முழுப் பத்தியும் நிமிராமல் படித்தேன்.

பரீட்சை சிங்காநல்லூர் பக்கம் ஒரு கல்லூரியில். உள்ளே அதே அமைதி. முதல் பத்தியில் ஒரு தடவை தலை நிமிர்ந்தது. எதும் அறுந்து போகலீங் கண்ணு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குனிந்தேன். அதன்பின் நிமிரவேயில்லை.

தேறியதும், இடம் கிடைத்ததும், ஜாதகம் பீரோவிலேயே தங்கிப்போனதும் பிற்பாடு நடந்தவை. வெளியே வந்து பையிலிருந்து போனை எடுத்தபோது எனக்கு அது எதுவும் தெரியாது. பஸ் ஸ்டாப்பில் நின்று வீட்டுக்குக் கூப்பிட்டேன். அம்மா எடுத்தார். பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

“என்னாச்சுங்கம்மா? அப்பா எங்கீங்க? ஏன் தறி ஓடல?”

“ஒண்ணும் ஆகல அம்மணி,” அம்மா மெல்லப் பேசினார். “நீ உள்ள போற நேரத்துலருந்து உங்கப்பா நிறுத்திப்போட்டாரு.”

“நான் இங்கல்ல எழுதறேன்! அங்க ஓடற தறி எனக்கு எப்படீங்க கேக்கும்?”

“அதயேதான் நானும் கேட்டேன். நின்னாலும் அவளுக்குக் கேக்கும், ஓடுனாலும் அவளுக்குக் கேக்கும், பேசாம உக்காருங்கறாரு.”

பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேர் முன்னால் அழுதேன். யார் பார்த்தால் என்ன?

“முடிஞ்சுதுங்கம்மா. நல்லா எழுதிப்போட்டேன். ஓட்டச் சொல்லுங்க.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஒரு தறி கிளம்பியது. இரண்டாவது. மூன்றாவது. நாலாவதும் கிளம்பி, நாலு தட்டுத் தட்டிவிட்டு நின்றது.

“நாலாவதுல நூல் அறுந்துருச்சு,” என்றேன். “அப்பாவ ஓடச் சொல்லுங்க.”