தலைவர் விட்டுப்போன செருப்பு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சங்ககிரியில் ஒற்றை லாரியில் ஆரம்பித்து, லாரி ஆபீஸ், பட்டறை, கல்யாண மண்டபம் எல்லாம் கட்டினேன். கல்வெட்டில் என் பெயர் இருக்கிறது. ஒரு தலைவரின் எளிமையும் நான் கட்டியதுதான். அதில் மட்டும் என் பெயர் இல்லை.

எழுபதுகளில் அவர் கார் எங்கள் ரோட்டில் நின்றுபோனது. வெள்ளைக்காரனை எதிர்த்துச் சிறைக்குப் போனவர், பிறகு டெல்லியில் மந்திரியாக இருந்தவர். குள்ள உருவம், மொடமொடக்கும் கதர். ஆட்டு மந்தை எதிரே வந்தாலும் கைகூப்புவார். சேலம் கூட்டத்துக்கு என் லாரியில் ஏற வந்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க சாமி. வண்டிதானுங்க நமக்குக் கோயில்."

"வெள்ளைக்காரனுக்கே பணியாதவன்யா நான்."

"அவன் உங்களைக் கூட்டத்துல கொண்டுபோய் உடறேன்னு சொன்னானுங்களா?"

முறைத்துக்கொண்டே கழற்றினார். சேலத்தில் கூட்டத்தைப் பார்த்ததும் கைகூப்பியபடி வெறுங்காலோடு இறங்கிப் போய்விட்டார். செருப்பு என் சீட்டுக்கடியில் கிடந்தது. மறுநாள் பேப்பரில், வெறுங்காலோடு லாரியில் வந்த எளிய தலைவர் என்று படம் போட்டார்கள். அதற்கப்புறம் சாகும்வரை அவர் செருப்பே போடவில்லை. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் எப்படித்தான் நடந்தாரோ, எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஏழைகளை நினைத்துச் செருப்பைத் துறந்தாரென்று அவர் வாழ்க்கை வரலாற்றுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பதிப்பிலாவது, கழற்றச் சொன்னவன் நான் என்று போடுங்கள். செருப்பு பட்டறையில்தான் இருக்கிறது, வந்து பாருங்கள்.