அகரம்சேரி தாண்டிடுச்சு

ஃபீபி பேசினது தப்பில்லை. அதை முதல்லயே சொல்லிடணும். யார் என்ன சொன்னாலும் அது தப்பில்லை.

மாதனூர்ல இருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போற பொம்பளைங்கள்ல ஃபீபியும் ஒருத்தி. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாம அம்மா வீட்டுக்கே வந்து சேர்ந்தவ. அம்மா டோரதி கைகால் விழுந்து படுக்கையில கிடக்கிறது நாலு வருஷமா. காலையில அம்மாவைத் துடைச்சு, துணி மாத்தி, கஞ்சி ஊட்டி, பக்கத்து வீட்ல சாவியைக் குடுத்துட்டு ரோட்டுக்கு ஓடணும். கம்பெனி வண்டி யாருக்காகவும் நிக்காது. எட்டு மணிக்கு கேட்டைச் சாத்திட்டா, அப்புறம் அழுது புரண்டாலும் தொறக்க மாட்டாங்க.

இந்த ஓட்டத்துல அவளுக்கு இருந்த ஒரே ஒத்தாசை ஜோதி. அதே கம்பெனியில இருபத்திரெண்டு வருஷம் தையல் லைன்ல உட்கார்ந்தவ. சர்க்கரை வந்து உடம்பு ஒத்துக்காம நின்னுட்டா. வீடு அகரம்சேரியில, ரோட்டோரம். வண்டி பள்ளிகொண்டாவுல இருந்து வர்றப்போ முதல்ல அவ வாசலைத் தாண்டித்தான் மாதனூருக்கு வரணும். வேலையை விட்ட பிறகும் ஜோதி தினம் வாசல்ல நின்னு, வண்டி போனதும் போன்ல பேசி அனுப்புவா. நாலாம் நம்பர் வண்டின்னு ஒரு வாட்ஸ்அப் குரூப்பு, நாப்பத்தி மூணு பேர் இருந்தாங்க. "அகரம்சேரி தாண்டிடுச்சும்மா. கிளம்புங்க." அவ்வளவுதான் சேதி. ஆனா அவ அவ்வளவோட விடமாட்டா. மழை வருது, குடை எடுத்துக்கோ. இருமல் கேக்குது, வெந்நீர் குடி. ஃபீபி, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, அம்மாவுக்கு நிதானமா ஊட்டு. எல்லாருக்கும் ஒரு வார்த்தை இருக்கும்.

ஜோதிக்குக் கையெழுத்துக்கு மேல எழுத்து தெரியாது. அதனால அவளுக்குச் சொல்ல வேண்டியது எதுவானாலும் குரூப்புல வாயால பேசித்தான் அனுப்புவாங்க. எழுத்துல போட்டா அது மத்தவங்களுக்கு. யாரும் கூடி வெச்ச சட்டம் இல்லை, அதுவா வந்த பழக்கம்.

இன்னொண்ணு ஃபீபிக்கு மட்டும் தெரியும். வேலூர்ல கண்ணாஸ்பத்திரிக்கு ஜோதியைக் கூட்டிட்டுப் போனவ அவதான். ஒரு கண்ணு போயே போச்சு, இன்னொண்ணு போய்ட்டிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. திரும்பி வர்ற பஸ்ஸுல ஜோதி அவ கையைப் பிடிச்சுக்கிட்டா. யார்கிட்டயும் சொல்லாத, பையனுக்குத் தெரிஞ்சா வாசப்படி தாண்ட விடமாட்டான்னு கேட்டுக்கிட்டா. ஃபீபியும் கர்த்தர் மேல ஆணையா சொல்லமாட்டேன்னா.

அப்போ வண்டியை எப்படிக் கண்டுபிடிச்சா? டிரைவர் சாந்தகுமார் ஜோதியைப் பார்த்ததும் ரெண்டு தடவை ஹாரன் அடிப்பாரு. பழைய பழக்கம். அந்தச் சத்தம் கேட்டா வண்டி. போன்ல எங்கே அமுக்கணும்னு விரலுக்கே தெரியும். பல மாசம் அப்படியே ஓட்டிட்டா, ஒரு நாளும் பிசகலை.

ஐப்பசி மழையில ஒரு நாள் சாந்தகுமார் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு நாலு நாள் லீவு போட்டுட்டாரு. புது டிரைவருக்கு ஜோதியும் தெரியாது, ஹாரனும் தெரியாது. அவர் பாட்டுக்கு வந்தாரு, போய்ட்டாரு. கொட்டுற மழையில ஜோதி குடையைப் பிடிச்சுக்கிட்டு, வண்டி இன்னும் வரலைம்மா, ஏன் நனையறீங்க, மெதுவா வாங்கன்னு பேசி அனுப்பிட்டா.

ஒன்பது பேருக்கு வண்டி போச்சு. ஃபீபியும் அதுல ஒருத்தி. ஆட்டோ பிடிச்சுப் போய் மூடின கேட்டு முன்னாடி நனைஞ்சு நின்னாங்க. அந்த ஒன்பதுல ஹுமேராவும் இருந்தா. இன்னொரு நாள் லேட் ஆனா வேலைக்கு வராதன்னு போன வாரம்தான் அவளுக்குச் சொல்லியிருந்தாங்க. குரூப்பை நடத்துறவளும் அவதான். வயிறு எரியாம இருக்குமா?

வேலைக்கே வராதவங்களுக்கு இந்தக் குரூப்புல இன்னா வேலைன்னு ஹுமேரா எழுதினா. சாயந்திரத்துக்குள்ள ஜோதியை எடுத்துடறேன்னா. ஒருத்தி ஆமா, காலங்காத்தால ரேடியோ மாதிரி பேஜார்னா. இன்னொருத்தி ரெண்டு கை தட்டுற பொம்மை போட்டா. எல்லாம் எழுத்துலதான். ஜோதி காதுக்குப் போகலை.

ஃபீபி சும்மா இருக்கலை. கேட்டு முன்னாடியே நின்னு, ஈர விரலால எழுதினா. பாலாத்துல வெள்ளம் வந்து ரோடு மறிச்சப்போ அஞ்சு மணிக்கே எழுப்பிச் சொன்னது யாரு? டயர் வெடிச்ச அன்னைக்கு, வண்டி வராது வேற பஸ்ஸைப் பாருங்கன்னது யாரு? ஆறு வருஷத்துல ஒரு தப்பு. நம்ம லைன்ல ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி தப்பாத் தைக்கிறோம்னு கேட்டா. ரெண்டு மூணு பேர் அதுவும் நியாயம்தான்னாங்க. அதோட அடங்கியிருக்கும்.

அப்போதான் ஹுமேரா எழுதினா: "கண்ணு முன்னாடி போன வண்டியை வரலைன்னா இன்னா அர்த்தம்? தனக்கு வேலை போன வயித்தெரிச்சல். வேணும்னே பண்ணாங்க."

வேணும்னேன்ற அந்தச் சொல்லை ஃபீபியால தாங்க முடியலை. எழுத்துதானே, ஜோதி படிக்கப் போறதில்லையேன்னு நினைச்சா. போட்டுட்டா. "ஜோதிக்காவுக்குக் கண்ணு தெரியாது. ஹாரன் சத்தத்தை வெச்சுத்தான் நமக்குச் சொல்றாங்க. இதுக்கு மேல பேசுறவங்க பேசுங்க."

கும்பிடுற கை பொம்மைங்க ஒவ்வொண்ணா வந்துச்சு. ஜோதிக்கா இருக்கட்டும், யாரும் எடுக்கக் கூடாதுன்னு எல்லாரும் எழுதினாங்க. ஃபீபி ஜெயிச்சுட்டா. பெருமூச்சு விட்டு, ஈரப் புடவையைப் பிழிஞ்சா.

ஹுமேரா கெட்டவ இல்லை. கோவக்காரி, ஆனா மனசு இளகினா மொத்தமா இளகிடுவா. ஜோதிக்குச் சொல்றதை வாயால சொல்லணும்னுதானே பழக்கம்? மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு அவ பேசி அனுப்பினா. அழுகுரல்.

"ஜோதிக்கா, உங்களுக்குக் கண்ணு போனது தெரியாம இன்னான்னவோ பேசிட்டேன். அல்லாவுக்காக மன்னிச்சுடுங்க. ஃபீபி சொல்லித்தான் தெரிஞ்சுது."

அகரம்சேரி வீட்ல அதைப் பையனும் பக்கத்துல நின்னு கேட்டான்.

அன்னைக்கு சாயந்திரம் குரூப்புல ஒரு வரி வந்துச்சு, ஜோதி வெளியேறிட்டான்னு. யாரும் எடுக்கலை. பையன்கிட்ட போனைக் குடுத்து அவளா போய்ட்டா.

ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சதும் ஃபீபி அகரம்சேரிக்குப் போனா. ஜோதி உள்ரூம்ல கட்டில்ல உட்கார்ந்திருந்தா. ரோட்டுப் பக்கக் கதவுல பையன் தாழ் போட்டிருந்தான். வாம்மான்னா, சாப்பிட்டியான்னா, டோரதி எப்படி இருக்காங்கன்னா. கோவமே இல்லை. அதுதான் ஃபீபிக்குக் கஷ்டமா இருந்துச்சு.

"குரூப்புல நீங்க வேணும்னே பண்ணதாச் சொன்னாங்கக்கா. அதான் வாய் விட்டுட்டேன்."

"சொல்லட்டுமே. திட்டினா திட்டிட்டுப் போறாங்க, நான் அந்த வண்டியில வந்தவதானேன்னு ஒரு உரிமை. இப்ப எல்லாரும் பாவம்ங்கறாங்க ஃபீபி. தெனம் போன் பண்ணி அழுவுறாளுங்க. நான் யாருக்கு குடை எடுத்துக்கோன்னு சொல்றது?"

குரூப்புல மறுபடி சேர்த்துடறேன்னு ஃபீபி எவ்வளவோ கேட்டா. வேணாம்மான்னு ஜோதி அவ கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டா.

திங்கக்கிழமை சாந்தகுமார் வண்டி ஓட்ட வந்துட்டாரு. ஃபீபி ஏறினதும், அக்கா நிக்கலையேம்மா, ரெண்டு தடவை அடிச்சுப் பார்த்தேன்னாரு. அவ பின்னாடி போய் உட்கார்ந்தா.

இப்போ வண்டி எங்க வருதுன்னு போன்லயே காட்டுது. ஹுமேரா ஏற்பாடு பண்ணினது. நீலப் புள்ளி ஒண்ணு ரோட்டு மேல நகருது, ஒரு நாளும் பிசகுறதில்லை.

டோரதிக்குத்தான் அது விளங்கலை. நாலு வருஷமா ஜோதி குரல் கேட்டுத்தான் கடைசி வாய்க் கஞ்சிக்கு வாயைத் திறந்து பழக்கம்.

"ஜோதி பேசலையா?"

"பேசுவாங்கம்மா. வாயைத் திற."

புள்ளி அகரம்சேரியைத் தாண்டிடுச்சு. ஃபீபி ஸ்பூனைப் பிடிச்சபடியே நிக்கிறா. அம்மா வாயை மூடிக்கிட்டு, போன் பக்கமா தலையைச் சாய்ச்சுக் காத்துட்டிருக்கா.