முதலில் தன் தலையில் மாட்டிக்கொண்டார்

எங்கள் மகள் நிலாவுக்குப் பதினான்கு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். காலையில் படித்த பாடம் சாயங்காலம் நினைவிருக்காது.

ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருக்கிறார் என் கணவர். என் சாம்பாரில்கூடக் குறை கண்டுபிடிக்காமல் விடமாட்டார். தலையில் லேசாக மின்சாரம் செலுத்தினால் ஞாபகசக்தி கூடும் என்று ஆபீஸ் இன்டர்நெட்டில் படித்துவிட்டு, பேட்டரி, ஒயரை வைத்து நிலாவுக்காகத் தலையில் மாட்டும் பட்டை ஒன்று செய்துவிட்டார். "இதையா பிள்ளை தலையில மாட்டப் போறீங்க?" என்று தடுத்தேன்.

"டெஸ்ட் பண்ணாம பிள்ளைக்கு மாட்டுவேனா?" என்று தானே மாட்டிக்கொண்டவர், சற்று நேரத்தில் அலறிப் பிடுங்கி எறிந்தார். நெற்றியில் காசளவு வெந்திருந்தது.

"குழந்தைக்குப் போடாம விட்டீங்களே, அதுவே பெரிசு. இது இன்னும் ஆராய்ச்சியில இருக்கு. வீட்டுல செய்யற காரியமா?" என்று காயத்துக்கு மருந்து போட்ட டாக்டர் கடிந்துகொண்டார். இப்போதெல்லாம் டாக்டரைக் கேட்காமல் எதையும் முயற்சி செய்வதில்லை. பாடங்களைப் பாட்டாக்கிச் சொல்லித் தருகிறோம். கொஞ்சம் மனதில் நிற்கிறது.

புண் ஆறி மாதக்கணக்காகிறது. ஆனாலும் சாயங்காலம் என் கணவர் வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் நிலா களிம்போடு வந்து நிற்பாள். "நான்னா, மந்து" என்று பள்ளியில் பழகிய தெலுங்கில் அப்பாவை மருந்துக்குக் கூப்பிடுவாள். அதை மட்டும் ஒருநாள்கூட மறந்ததில்லை. அவரும் குனிந்து நெற்றியைக் காட்டுவார்.